சங்கப் பதிவும் வரிவிலக்கும்: நம் மக்கள் நடந்து வந்த பாதை

தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் மொழி. தோப்பாக நின்றாலும் வேலியில்லையேல் விளைச்சல் வீடு வந்து சேராது என்பது உழைப்போர் அறிந்த உண்மை. நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நாகலூர் இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். “காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்வோர் காசு சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். இதற்குப் பதிவு எதற்கு? தணிக்கை எதற்கு? இலாபம் காணாத நாம் வருமான வரி அலுவலகத்தின் வாசலை ஏன் மிதிக்க வேண்டும்?” என்பதே அவ்வினா.

வினா நியாயமானதே. ஆயினும் அதற்கு ஒரு வரியில் விடை கூற இயலாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதன் பின்னே நிற்கிறது. அவ்வரலாற்றை இளைஞர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறர் கையில் இருந்த கணக்கேடு

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆகும். சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பார் அதனை இங்குக் கொணர்ந்தார். மலையாளிப் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்த இம்மலையில் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சமவெளியிலிருந்து நிலமற்ற மக்கள் மலையேறினர். அவருள் ஆதிதிராவிட மக்கள் பெருந்தொகையினர்.

தென்னாட்டுத் தோட்டங்களில் நம் மக்களின் பெயர் ஏறிய ஏடுகள் இரண்டு. ஒன்று தோட்டத்து ஆள்கணக்கு. மற்றொன்று கங்காணியின் முன்பணக் கணக்கு. இரண்டையும் எழுதியவர் பிறர். படிக்கத் தெரிந்தவரும் பிறரே. எவ்வளவு பெற்றோம், எவ்வளவு அடைத்தோம் என்பதை எழுதியவர் வாய்ச்சொல்லால் அறிந்து வாழ்ந்தனர் நம் பாட்டன்மார். எழுத்தறியாத மக்களுக்குக் கணக்கேடு என்பது கால்விலங்கே.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்க வழிவகுத்தது. ஆனால் அது 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டுமே கருதியது. அதற்குமேல் படிக்க வேண்டுமெனில் சமுதாயமே தோள் கொடுத்தாக வேண்டும். நம் கழகத்தைப் போன்ற அமைப்புகளின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

1860: ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

நம் நாட்டில் சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டமும் வருமான வரிச் சட்டமும் ஒரே ஆண்டில் தோன்றியவை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1860ஆம் ஆண்டு மே மாதத்தில் சங்கங்கள் பதிவுச் சட்டம் பிறந்தது. இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம் அதற்கு முன்மாதிரி. இலக்கியம், அறிவியல், அறப்பணி ஆகியவற்றின் பொருட்டு ஏழு பேர் ஒன்றுகூடி ஓர் அமைப்புக் குறிப்பில் கையொப்பமிட்டுப் பதிவாளரிடம் அளித்தால் சங்கம் பதிவாகும் என்றது அச்சட்டம்.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் முதல் வருமான வரிச் சட்டம் வந்தது. 1857ஆம் ஆண்டுப் புரட்சியால் வெறுமையான கருவூலத்தை நிரப்பும்பொருட்டு, நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் அதனைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வருவாய் உடையோர்மீது வரி விழுந்தது. அத்தொகையைக் கனவிலும் கண்டிராத நம் மக்களை அவ்வரி தீண்டவில்லை. சங்கச் சட்டமும் அன்று அவர்கள் செவிக்கு எட்டவில்லை.

எனினும் அச்சட்டத்தில் நம்மவர்க்குப் பயன்படும் கூறுகள் மூன்று இருந்தன. முதலாவது, அதில் கையொப்பமிடுவோரின் சாதியை எவரும் வினவவில்லை. இரண்டாவது, சங்கத்தின் சொத்து தனியொருவர் சொத்தாகாமல் ஆட்சிக் குழுவின் பொறுப்பில் நிற்கும். சங்கத்தின் பொருட்டு வழக்காடவும் இயலும். மூன்றாவது, சங்கம் கலைந்தாலும் எஞ்சிய பொருளை உறுப்பினர் பங்கிட்டுக் கொள்ளுதல் ஆகாது. அது வேறொரு சங்கத்தின் பணிக்கே செல்ல வேண்டும். ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு, இச்சட்டம் பொதுச் சொத்து ஒன்றை உடைமையாக வைத்துக்கொள்ளும் வழியைக் காட்டியது.

நம் முன்னோர் கண்ட சங்கங்கள்

தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் சங்கமாகத் திரண்ட வரலாற்றில் 1891ஆம் ஆண்டு ஒரு மைல்கல். அவ்வாண்டில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கண்டார். அதன் மாநாடு நம்முடையதைப் போன்றதொரு மலைநாட்டில், நீலகிரியில், நடைபெற்றது என்பதை எண்ணும்போது நமக்கு உவகை பிறக்கின்றது. அங்கு வைக்கப்பெற்ற கோரிக்கைகளுள் கல்வியும் ஒன்று. அக்காலத்திலேயே இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்னும் இதழையும் தொடங்கினார். இழிவு கூறப் பயன்பட்ட பெயரையே இதழின் முகப்பில் பொறித்த அவர்தம் நெஞ்சுரம் போற்றத்தக்கது.

1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அது பரிவுடைய பிறர் செய்த பணி. நம்மவரே நம்மவர்க்குக் கல்விக் கூடம் எழுப்பிய முயற்சிகளுள் தலையாயது சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் தொடங்கிய நந்தனார் பள்ளியாகும். நந்தனார் பெயரால் எழுந்த அப்பணி கல்விக் கழகமாக வளர்ந்து, விடுதிகளோடு தலைமுறை பலவற்றை ஆளாக்கியது. ஒருவர் துறவியாயினும் அவர் தொடங்கிய பணி நிலைபெறக் கழகம் வேண்டியிருந்தது என்பதை இளைஞர் உணர்தல் வேண்டும்.

சட்டத்தின் துணையை முழுமையாகக் கைக்கொண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1924ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் பம்பாய் தாமோதர் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’, அதாவது விலக்கப்பட்டோர் நலச் சபை, தோன்றியது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது பதிவு செய்யப்பட்டது. விடுதிகள் திறந்து கல்வியைப் பரப்புதல், நூலகங்களும் படிப்பு வட்டங்களும் அமைத்தல், தொழிற் பள்ளி, வேளாண் பள்ளிகளால் பொருள்நிலையை உயர்த்துதல், மக்களின் குறைகளை எடுத்துரைத்தல் ஆகியவை அதன் குறிக்கோள்கள். சட்ட வல்லுநர் சர் சிமன்லால் செதல்வாட் அதன் தலைவர். ஆட்சிக் குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளர் சீதாராம் சிவ்தர்க்கர். பொருளாளர் நிவ்ருத்தி ஜாதவ். ஆதரவாளரின் பெயர்களைச் சபைக்கு அணியாக்கிக்கொண்ட அண்ணல், ஆட்சிக் குழுவின் பொறுப்பையோ பண்பெட்டியின் சாவியையோ பிறரிடம் விட்டுவிடவில்லை.

இச்சபை 1925ஆம் ஆண்டு சனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. 1928ஆம் ஆண்டில் அண்ணல் தாழ்த்தப்பட்டோர் கல்விக் கழகம் ஒன்றைத் தனியே நிறுவினார். 1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகம் தோன்றியது. அக்கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. 1950இல் அவுரங்காபாத்திலும் கல்லூரி கண்டது. பொருளியலில் பேரறிஞராகிய அண்ணல், மாகாண நிதியின் வளர்ச்சி குறித்து நூல் எழுதியவர். அரசு வரி தண்டும் முறையும் செலவிடும் முறையும் நன்கறிந்தவர். கற்பி, கிளர்ந்தெழு, ஒன்றுசேர் என்று அறைகூவிய அவர் பதிவேட்டையும் கணக்கேட்டையும் சிறு பணி என்று ஒதுக்கவில்லை.

அறப்பணி என்பது யாது?

இனி வரிவிலக்கின் வரலாற்றைக் காண்போம். அறப்பணிக்கென்றே பயன்படும் சொத்தின் வருவாய்க்கு வரியில்லை என்னும் நெறி, 1886ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆனால் அறப்பணி என்பது யாது? சோறிடுவது மட்டுமா? கல்வி புகட்டுவதும் அறப்பணி ஆகுமா?

இவ்வினாவுக்கு இலண்டன் பிரபுக்கள் அவை 1891ஆம் ஆண்டில் விடை பகர்ந்தது. மொரேவியத் திருச்சபையின் பொருளாளர் பெம்சல் என்பார், செலுத்திய வரியைத் திருப்பித் தருமாறு வழக்காடினார். அவ்வழக்கில் மெக்நாட்டன் பிரபு அறப்பணியை நான்கு கூறாகப் பகுத்தார்: வறுமை நீக்குதல், கல்வி வளர்த்தல், சமயம் வளர்த்தல், சமுதாயத்திற்கு நன்மை பயக்கும் பிற பணிகள். நீலகிரியில் நம்மவர் கல்வி வேண்டித் தீர்மானம் இயற்றிய அதே ஆண்டில், கல்வி அறப்பணியே என்று கடல்கடந்த நாட்டில் தீர்ப்பெழுதப்பட்டது. நம் நாட்டு 1922, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் இலக்கணம் இதனையொட்டியே அமைந்தது. ஏழையர் துயர் தீர்த்தல், கல்வி, மருத்துவ உதவி, பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் என்பன அவ்விலக்கணத்தின் கூறுகள்.

சாதிச் சங்கமும் நம் சங்கமும்

இனிக் கூறுவதே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. இளைஞர்கள் ஊன்றிப் படிப்பாராக.

அறப்பணிக்கு வரிவிலக்கு உண்டெனில், ஒரு சாதியார் தம் சாதிப் பிள்ளைகளுக்கென்றே நடத்தும் சங்கத்திற்கும் உண்டா? அகமதாபாத் ராணா சாதிச் சங்கத்தின் வழக்கில் 1971ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. பயன்பெறுவோர் குறிப்பிட்ட சிலராக அன்றிப் பொதுமக்களின் ஒரு பகுதியினராக இருப்பின் அது அறப்பணியே என்று முடிவு செய்தது. ஆனால் அத்தீர்ப்பு 1922ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது. அதற்கு முன்னரே 1961ஆம் ஆண்டின் புதிய சட்டம் வழியை மாற்றிவிட்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1962 ஏப்ரல் 1ஆம் நாளுக்குப் பின் தோன்றிய அறநிறுவனம், ஒரு குறிப்பிட்ட சமயத்தார்க்கோ சாதியார்க்கோ உரியதாயின் அதற்கு வரிவிலக்கு இல்லை என்று அதன் 13ஆம் பிரிவு விதித்தது.

அப்படியாயின் நம் கழகத்தின் கதி என்ன? அதே 13ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் இணைக்கப்பெற்றுள்ளது. பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் நலனுக்கென அமைந்த நிறுவனத்தைச் சாதிக்கோ சமயத்துக்கோ உரியதாகக் கருதலாகாது என்பதே அவ்விளக்கம். நன்கொடை அளிப்பார்க்குச் சலுகை தரும் 80ஜி பிரிவிலும் இவ்வாறே விளக்கம் உண்டு.

இதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். பிற சாதிச் சங்கங்களுக்கு மூடிய கதவு நமக்கு மட்டும் திறந்திருப்பது சலுகையா? அன்று. ஒரு சாதி தன்னைத்தான் வளர்த்துக்கொள்வது அச்சாதியின் தனி நன்மை. கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி அளிப்பதோ நாடு முழுவதும் செய்த பிழையைத் திருத்துவது. ஆதலின் அது பொது நன்மை. அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு இப்பணியை அரசின் கடமையாகவே உரைக்கின்றது. அக்கடமையின் ஒரு பங்கை நம் கழகம் தன் தோளில் சுமக்கின்றது. வரிவிலக்கு என்பது இரந்து பெறும் பிச்சையன்று; நாம் செய்வது நாட்டுப்பணி என்பதற்குச் சட்டம் தரும் சான்று.

இவ்விளக்கத்தில் நம் மலைக்குப் பொருந்தும் நுட்பம் ஒன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்களும், பின்னர் 1956 முதல் சீக்கியரும் 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுகின்றனர். கிறித்தவம் தழுவிய நம் உறவினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். மலையாளி மக்களோ பழங்குடியினர். எனவே கழகத்தின் நோக்கங்களை எழுதும்போது, ஒரு சாதிப் பெயரையோ சமயப் பெயரையோ மட்டும் குறிப்பிட்டால் ஒரே தெருவில் வாழும் பிள்ளைகளுள் ஒரு சாரார் வெளியே நிற்க நேரும். கழகத்தின் விலக்கும் ஐயத்துக்கு இடமாகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று மூவரையும் சேர்த்து எழுதுவதே சட்டத்துக்கும் உறவுக்கும் உகந்தது. சேரிக்குள் மேலும் ஒரு வேலி வேண்டா.

பதிவும் விலக்கும் பெறும் முறை

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அது 1978 ஏப்ரலில் செயலுக்கு வந்தது. ஏழு பேருக்குக் குறையாதோர் கூடிப் பெயர், முகவரி, நோக்கங்கள் அடங்கிய அமைப்புக் குறிப்பையும் துணைவிதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவு ஒப்புதல் பெற வேண்டும். நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் பதிவாளருக்குச் செல்ல வேண்டும். ஆவணங்களை அனுப்பத் தவறிய சங்கத்தின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும்.

பதிவு பெற்றதனாலேயே வரிவிலக்குக் கிடைத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இது பிழை. பதிவாளர் தருவது பிறப்புச் சான்று போன்றது. வரிவிலக்குக்கு வருமான வரித்துறையிடம் தனியே பதிவு வேண்டும். 1972ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 12ஏ பிரிவைச் சேர்த்து, 1973 ஏப்ரல் முதல் இப்பதிவைக் கட்டாயமாக்கியது. 1997 முதல் ஆணையர் நோக்கங்களையும் பணிகளையும் ஆராய்ந்து எழுத்தில் ஆணையிடும் முறை வந்தது. 2021 ஏப்ரல் முதல் பழைய பதிவு பெற்றிருந்த நிறுவனங்களும் மீண்டும் விண்ணப்பிக்க நேர்ந்தது. ஒருமுறை பெற்ற பதிவு என்றும் நிலைக்கும் என்பது மாறி, ஐந்தாண்டுக் காலவரை வந்தது. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், ஆண்டு வருவாய் 5 கோடி ரூபாய்க்கு மிகாத சிறு நிறுவனங்களுக்கு அதனைப் பத்தாண்டாக நீட்டியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் செயற்படுமாறு 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் இயற்றப்பெற்றுள்ளது. பிரிவு எண்கள் மாறினும் பதிவு, கணக்கு, தணிக்கை என்னும் மூன்று கடமைகள் மாறவில்லை.

விலக்குப் பெற்ற கழகம் ஆண்டு வருவாயில் நூற்றுக்கு 85 பங்கினைத் தன் நோக்கத்திற்கே செலவிட வேண்டும் என்பது நெறி. எஞ்சிய 15 பங்கைச் சேமிக்கலாம். கட்டடம் போன்ற பெரும்பணிக்கு அதனினும் மிகுதியாகச் சேர்க்க விரும்பினால், முன்னரே நோக்கத்தையும் காலத்தையும் அறிவிக்க வேண்டும். நிர்வாகிகளோ அவர்தம் உறவினரோ கழகத்தின் பொருளால் முறையின்றிப் பயனடைந்தால் விலக்குக்கே கேடு வரும்.

80ஜி ஒப்புதல் தனியானது. அதன் பயன் கழகத்துக்கு நேராக இல்லை. பழைய வரி முறையில் கணக்குக் காட்டும் நன்கொடையாளர், தாம் அளித்த தொகையில் பாதியைச் சட்ட வரம்புக்குட்பட்டுத் தம் வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக அளித்தால் இச்சலுகை இல்லை. படித்து நகரங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற்கொள்க.

ஏட்டை இழந்தால் கூட்டையும் இழப்போம்

இளைஞர்களே! வருவாய் வரம்புக்குள் இருக்கும் சிறு சங்கத்துக்கு வரியே வராதே, பின் ஏன் இத்தனை பாடு என்று எண்ணலாம். ஆனால் கட்டட நிதி திரளும் ஆண்டில் வருவாய் வரம்பைக் கடக்கும். அன்று சான்று இல்லையெனில், பிள்ளைகளின் விடுதிக்கெனச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு வரியாகப் போகும். மேலும் 2016ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் புதியதோர் எச்சரிக்கையைக் கொணர்ந்தது. வரிப் பதிவை இழக்கும் நிறுவனம், கடன் போக எஞ்சும் தன் சொத்தின் சந்தை மதிப்பின்மீதே உயர்ந்த விழுக்காட்டில் வரி செலுத்த நேரிடும். உரிய காலத்தில் மறுபதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறுவதும் 2023 முதல் இதில் அடங்கும். ஒரு செயலாளரின் மறதி, ஒரு தலைமுறை கட்டிய கூட்டைக் கலைத்துவிடக் கூடும்.

நம்மிடமும் குறைகள் உண்டு. தொடக்க நாளில் நாம் நம்பிக்கையின்மீதே காசு கொடுத்தோம், காசு வாங்கினோம். “நம்ம ஆள்தானே, ரசீது எதற்கு?” என்போம். மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ் வைத்த சந்தா நோட்டு நனைந்து, எழுத்துக் கலைந்து, யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று உறவினரிடையே மனக்கசப்பு விளைந்ததும் உண்டு. எவரும் திருடவில்லை, ஆயினும் கணக்கில்லாத இடத்தில் நேர்மையாளரும் தலைகுனிய நேர்கின்றது. அன்று கற்ற பாடமே பின்னர் நம்மைத் தணிக்கையாளரின் மேசைக்கு அழைத்துச் சென்றது.

கூலி நாளில் பத்து ரூபாய் அளித்த தாய்க்கும் ரசீது உண்டு. ஆயிரம் அளித்த அதிகாரிக்கும் அதே ரசீதுப் புத்தகத்தில் அடுத்த எண். சமத்துவம் என்பதை நம் கழகம் நாள்தோறும் நடைமுறையில் காட்டுவது அந்தப் புத்தகத்தில்தான். இனி இளைஞர் ஆற்ற வேண்டியவை சில. ஆண்டுக்கு இருவரேனும் கணக்கெழுதப் பழகுக. நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கூட்டம் முடிந்த அன்றே எழுதி முடிக்க. பதிவுச் சான்று, வரித்துறை ஆணை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றின் படிகளை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காது ஈரிடத்தில் காக்க. பொதுக்குழுவில் வரவு செலவை உரக்கப் படிக்க. எழுத்தறியாத மூத்தோர்க்கும் விளங்கும்படி படிக்க. அவர் கேட்கும் கேள்விக்கு நின்று விடை கூறுக.

நம் பாட்டன்மார் பெயர் பிறர் எழுதிய கணக்கில் கடனாளியாக நின்றது. அவர்தம் பேரப் பிள்ளைகள் இன்று தம் கையால் எழுதும் கணக்கில் அவர்களே கொடையாளர். இம்மாற்றத்தைக் காத்தலே வெள்ளி விழாவின் பொருள். பொன்விழாக் காணும் நாளில், இன்று சந்தா வாங்கித் திரியும் இளைஞருள் ஒருவர் தலைவராக அமர்ந்து, ஒரு தாளும் குறையாத ஐம்பது ஆண்டுக் கணக்கை மக்கள் முன் வைப்பாராக!

வாழ்க நம் ஒற்றுமை! வளர்க நம் கல்வி!